போர்முனையிலிருந்து நண்பனுக்கு: வீட்டில் கிடைக்கும் பழைய ராணுவக் கடிதங்களைப் படிப்பதும் காப்பதும்

முதலில் கட்டை அவிழ்க்காதீர்கள். அட்டாலியில் கிடந்த தகரப் பெட்டியிலோ, தாத்தாவின் கணக்கு நோட்டுகளுக்கு அடியிலோ சணல் போட்டுக் கட்டிய கடிதக் கட்டு ஒன்று கிடைத்தால், உடனே பிரித்துத் தரையில் பரப்பிப் பார்க்கத்தான் கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். கட்டியவர் எந்த வரிசையில் அடுக்கினார் என்பதே ஒரு சான்று. பெரும்பாலானவர்கள் வந்த வரிசையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருப்பார்கள். தேதி அழிந்த கடிதம் நடுவில் இருந்தால், அதற்கு முன்னும் பின்னும் உள்ளவைதான் அதன் காலத்தைச் சொல்லும். கலைத்துவிட்டால் அந்தத் தகவல் போனது போனதுதான். கட்டு இருக்கும் நிலையிலேயே நான்கு பக்கமும் கைப்பேசியில் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, உறையின் பின்பக்க மூலையில் மென்மையான பென்சிலால் எண் இடுங்கள். உள்ளே இருக்கும் தாளுக்கும் அதே எண். பேனா வேண்டாம்.

நான் அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். காங்கேயம், தாராபுரம், பெருந்துறைப் பக்கத்துத் தபால் நிலையங்களில் முத்திரை குத்தியும் பை கட்டியும் என் வேலைக்காலம் கழிந்தது. அதனால் பழைய ராணுவத் தபால் கிடைத்தால், "அம்மிணி, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று சுற்றுவட்டாரத்தில் இருந்து கொண்டுவருகிறார்கள். அப்படி வருபவற்றில் ஒரு வகைக் கடிதத்தின் மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு. கடல் கடந்து போய்ப் படை நடத்தியவர், ஊரில் இருந்த நண்பருக்கு எழுதிய கடிதம். இங்கே சொல்வது அதைப் பற்றித்தான்.

படை நடத்தியவர் என்றதும் ஜெனரலை மட்டும் நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போர் முடியும்போது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். எல்லோரும் தாமாகச் சேர்ந்தவர்கள். அவர்களை அன்றாடம் நடத்தியவர்கள் ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்ற இந்திய அலுவலர்கள். முப்பது பேரின் உயிர் அவர்கள் சொல்லும் ஒரு சொல்லில் இருந்தது. நம் பக்கத்து வீடுகளில் கிடைக்கும் கடிதங்கள் பெரும்பாலும் இவர்களுடையவை. அதற்கும் மேலே போனவர்களும் கொங்கு நாட்டில் உண்டு. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் 1913ல் பிறந்த பி. பி. குமாரமங்கலம் பீரங்கிப் படை அதிகாரியாக வட ஆப்பிரிக்காவில் போரிட்டு, பிரிட்டிஷ் படை அதிகாரிகளுக்குத் தரும் டி.எஸ்.ஓ. என்ற வீர விருதைப் பெற்றார். எதிரியிடம் பிடிபட்டு இத்தாலியிலும் ஜெர்மனியிலும் போர்க்கைதியாக இருந்தார். பின்னாளில், 1966 முதல் 1969 வரை, இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவரும் அவர்தான்.

உறையைத் தூக்கி எறியாதீர்கள்

பழைய கடிதம் வைத்திருக்கும் வீடுகளில் நான் முதலில் கேட்பது உறையைத்தான். தாளைப் பத்திரமாக வைத்துவிட்டு உறையைக் குப்பை என்று போட்டுவிடுகிறார்கள். ராணுவக் கடிதத்தில் உறைதான் பாதிச் செய்தி. எழுதியவர் இடத்தின் பெயரைத் தாளில் எழுதக் கூடாது. படைப்பிரிவு எங்கே இருக்கிறது, எத்தனை பேர், எத்தனை பேர் இறந்தார்கள், அடுத்து எங்கே போகிறார்கள் என்று எதையும் எழுதக் கூடாது. தாளில் விடுபட்டதை உறை சொல்லும்.

உறையின் முன்பக்கம் தபால்தலை இல்லாமல் இருக்கலாம். மேலே ஆங்கிலத்தில் 'போர்ப்பணியில்' என்று பொருள்படும் ஆன் ஆக்டிவ் சர்வீஸ் என்ற சொற்கள், அல்லது ஓ.ஏ.எஸ். என்ற மூன்று எழுத்து இருக்கும். களத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்த தபால் சலுகை அது. ஆகவே தபால்தலை கிழிந்து விழுந்துவிட்டதோ என்று தேட வேண்டாம். அடுத்து வட்ட முத்திரையைப் பாருங்கள். ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.பி.ஓ. என்றும் ஓர் எண்ணும் மட்டும் இருந்தால் அது களத் தபால் நிலையம். படையோடு கூடவே நகர்ந்த தபால் நிலையம் அது. ஒரே எண் ஒரு வருடம் எகிப்தில் இருக்கும், அடுத்த வருடம் இத்தாலியில் இருக்கும். எந்த எண் எந்த மாதம் எங்கே இருந்தது என்று தபால் முத்திரை சேகரிப்பவர்கள் பட்டியல் தொகுத்திருக்கிறார்கள். கோயம்புத்தூரில் தபால்தலை சேகரிக்கும் யாரையாவது கேட்டால் வழி காட்டுவார்கள். எண்ணை மட்டும் சொல்லாமல் முத்திரையில் உள்ள தேதியையும் சேர்த்துக் கேளுங்கள். தேதி இல்லாத எண்ணால் பயன் இல்லை.

அனுப்புநர் முகவரியில் உள்ள சுருக்கெழுத்துகள் இன்னொரு சாவி. எம்.இ.எஃப். என்றால் மத்தியக் கிழக்குப் படை: எகிப்து, லிபியா, பாலஸ்தீனம், சிரியா. சி.எம்.எஃப். என்றால் இத்தாலி. பைஃபோர்ஸ் என்றால் ஈராக்கும் பாரசீகமும். எஸ்.இ.ஏ.சி. என்றால் 1943ல் உருவான தென்கிழக்கு ஆசியக் கட்டளை. பர்மாப் போர் அதற்குள் வரும். இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

தணிக்கையின் தடத்தை அடுத்துத் தேடுங்கள். சாதாரணச் சிப்பாயின் கடிதத்தை அவருடைய படைப்பிரிவு அதிகாரி படித்துப் பார்த்து முத்திரை வைப்பார். அதிகாரியாக இருப்பவர் தன் கடிதத்தில் ரகசியம் எதுவும் இல்லை என்று தானே உறுதி கூறி, உறையின் கீழே இடது மூலையில் கையெழுத்துப் போடுவார். அந்த மூலையில் உள்ள கையெழுத்தும் உள்ளே கடிதத்தின் கடைசியில் உள்ள கையெழுத்தும் ஒன்றாக இருந்தால் எழுதியவர் அதிகாரி என்று கொள்ளலாம். வேறு வேறாக இருந்தால் மேலே ஒருவர் படித்துப் பார்த்து அனுப்பிய கடிதம். இந்த ஒரு சோதனையால் எழுதியவரின் பதவி உயர்வு எப்போது நடந்தது என்றுகூடச் சில கட்டுகளில் கண்டுபிடிக்க முடியும். இதற்கும் மேலாக வழியில் உள்ள தணிக்கை நிலையத்தில் எந்தக் கடிதத்தையும் திறக்கலாம். அப்படித் திறந்தால் ஓரத்தில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி மூடுவார்கள். அந்தச் சீட்டைப் பிய்க்காதீர்கள். அதில் உள்ள எண் தணிக்கை செய்தவருக்கு உரியது.

உறையின் பின்பக்கம் நம் ஊர் முத்திரை இருக்கும். ஈரோடோ தாராபுரமோ, கடிதம் வந்து சேர்ந்த நாள். முன்பக்கத் தேதியையும் பின்பக்கத் தேதியையும் கழித்துப் பாருங்கள். கடல் வழித் தபால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அலைந்து வந்திருக்கும். இந்த இடைவெளியைக் குறித்து வைத்துக்கொள்ளாமல் கடிதத்தைப் படித்தால் எழுதியவர் மேல் வீண் வருத்தம் வரும். நண்பரின் தகப்பனார் இறந்த செய்தி போய்ச் சேர்வதற்கு முன்பே எழுதிய கடிதத்தில் "அப்பாவை மிகவும் கேட்டதாகச் சொல்லவும்" என்று இருக்கும். துக்கம் நடந்து இரண்டு மாதம் கழித்து அது வீட்டுக்கு வந்திருக்கும். எழுதியவர் மேல் தவறு இல்லை, கப்பல் மெதுவாக வந்தது.

உறையே இல்லாமல், உள்ளங்கை அகலப் புகைப்படத் தாளில் கையெழுத்து பொடியாகத் தெரிந்தால் அது ஏர்கிராஃப். 1941ல் கோடாக் நிறுவனத்தின் நுட்பத்தோடு தொடங்கிய ஏற்பாடு. ஒரு படிவத்தில் எழுதிய கடிதத்தைப் படச்சுருளில் சிறிதாகப் பதிந்து, சுருளை மட்டும் விமானத்தில் அனுப்பி, சேரும் இடத்தில் மீண்டும் தாளில் அச்சிட்டுக் கொடுப்பார்கள். அதைப் புகைப்படத்தைப் போலவே ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

போர்க்கைதியின் கடிதம் பார்த்த உடனே தெரியும். அச்சிட்ட படிவம், எண்ணிக் கொடுத்த வரிகள், முகாமின் பெயரும் எண்ணும், இரண்டு நாட்டுத் தணிக்கை முத்திரைகள். 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைப்படி கைதிகளின் கடிதத்துக்குத் தபால் கட்டணம் கிடையாது. ஒரு மாதத்துக்கு இத்தனைதான் என்று கணக்கு உண்டு. ஆகவே கைதி ஒருவர் தன் குடும்பத்துக்கு எழுத வேண்டிய தாளில் ஒன்றை எடுத்து நண்பருக்கு எழுதியிருக்கிறார் என்றால், அந்த நட்பின் எடையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தேதியைப் பிடிப்பது

நம் பக்கத்தில் பலர் தமிழ் வருடம், தமிழ் மாதம் போட்டே எழுதினார்கள். போர்க்கால வருடங்களின் வரிசை இது: 1939 பிரமாதி, 1940 விக்கிரம, 1941 விஷு, 1942 சித்திரபானு, 1943 சுபானு, 1944 தாரண, 1945 பார்த்திப. ஒவ்வொன்றும் ஏப்ரல் நடுவில் தொடங்கும் என்பதை மறக்கக் கூடாது. சுபானு வருடம் மாசி மாதம் என்றால் அது 1944 பிப்ரவரி, மார்ச். இதை 1943 என்று எழுதி வைத்துவிட்டால் கட்டு முழுவதும் வரிசை புரண்டுவிடும். தேதிக்குப் பக்கத்தில் ௵ என்ற குறி வருடத்தையும், ௴ மாதத்தையும், ௳ நாளையும் குறிக்கும். ௸ வந்தால் மேற்படி. தமிழ் எண்களும் வரும்: ௰௨ என்றால் 12. ௲௯௱௪௰௩ என்று நீளமாக எழுதியிருந்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று.

தேதியே இல்லாவிட்டால் ஊர் விசேஷங்களைத் தேடுங்கள். கண்ணபுரம் மாட்டுச் சந்தையைப் பற்றி விசாரித்தால் சித்திரையை ஒட்டிய கடிதம். அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர், குதிரைச் சந்தை என்றால் ஆடி. பண்ணாரியில் குண்டம் இறங்குவதைப் பற்றி எழுதினால் பங்குனி. பாரியூர்க் குண்டம் என்றால் மார்கழி. செய்திகளும் உதவும். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று ஜப்பானிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின்போது, சூலூர் விமானத்தளத்துக்குத் தீ வைத்தார்கள். ஊரில் நடந்த கலவரத்தைப் பற்றி நண்பர் எழுதியதற்குப் பதிலாக, "நீ எழுதியதில் பாதி மை பூசி வந்தது, எல்லோரும் நலம்தானே" என்று களத்தில் இருப்பவர் கேட்டிருந்தால், அது 1942 இறுதி என்று ஊகிக்க இடம் உண்டு. ஊகத்தை ஊகம் என்றே பென்சிலில் குறித்து வையுங்கள்.

எழுத்தைப் படிப்பது

1978ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தும்பிக்கை போன்ற கொம்பு இருந்தது. ணா, றா, னா ஆகியவை சுழித்து ஒரே எழுத்தாக வரும். நாற்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். அதைவிடச் சிரமம், பலர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதினார்கள். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரியாது. இதற்கு ஒரே மருந்து, வாய்விட்டுப் படிப்பது. கண்ணுக்குப் பிடிபடாத சொல் காதுக்குப் பிடிபடும். அதுவும் வீட்டில் எண்பது வயதுக்காரர் யாராவது இருந்தால் அவருக்கு முன்னால் படியுங்கள். நீங்கள் தப்பாகப் படித்த சொல்லை அவர் சரியாக முடித்துக் கொடுப்பார்.

மங்கிப்போன எழுத்தின் மேல் தண்ணீர், எண்ணெய், ரசாயனம் எதையும் தடவாதீர்கள். அந்தக் காலத்தில் பலர் காப்பியிங் பென்சிலால் எழுதினார்கள். பார்க்கச் சாதாரணப் பென்சில்போலச் சாம்பல் நிறமாக இருக்கும். ஒரு துளி ஈரம் பட்டால் ஊதாவாகக் கரைந்து ஓடிவிடும். விரல் வியர்வையே போதும். தாளைத் திண்ணையில் நிழலான இடத்தில் வைத்துக் காலை வெளிச்சத்தில் படம் எடுங்கள்; கைப்பேசியின் விளக்கு வேண்டாம். அழுத்தி எழுதியது மங்கியிருந்தால் இருட்டறையில் டார்ச் விளக்கைத் தாளுக்குப் பக்கவாட்டில், மேசையோடு மேசையாகப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து கோடுகள் எழும். அந்த நிலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படியெடுக்கும்போது வரிக்கு வரி அப்படியே எழுதுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம். உறுதியில்லாத சொல்லைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். தணிக்கையில் மை பூசிய இடத்தை 'மை, மூன்று சொல் அளவு' என்றும், கத்தரித்த இடத்தை 'வெட்டு' என்றும் குறியுங்கள். வெட்டு என்றால் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பாருங்கள். முன்பக்கம் ஒரு ஊர்ப் பெயருக்காக வெட்டியதில் பின்பக்கத்தில் குற்றமற்ற ஒரு வரி போயிருக்கும். அது யாரும் மறைக்க நினைத்தது அல்ல.

கேள்விகளைப் படியுங்கள்

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. போர்க்களக் கடிதம் என்றதும் குண்டும் புகையும் எதிர்பார்த்துப் படிப்பவர்கள் ஏமாந்துபோய், "இதில் ஒன்றுமே இல்லை, மாடு கன்று விசாரிப்புத்தான்" என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். சொல்லக் கூடாது என்று தடுக்கப்பட்டவர் என்ன செய்வார்? கேட்பார். அவர் கேட்கும் கேள்விகளில்தான் அவர் இருக்கிறார்.

என் மேசையில் இப்போது ஒரு கடிதத்தின் நகல் இருக்கிறது. காங்கேயம் பக்கத்துச் சுபேதார் ஒருவர், சென்னிமலையில் தறி வைத்திருந்த பள்ளித் தோழருக்கு எழுதியது. முகவரியில் சி.எம்.எஃப்.; தேதி தாரண ௵ சித்திரை ௴ ௰௨௳. அதாவது 1944 ஏப்ரல் கடைசி வாரம், இத்தாலி. காசினோ மலைக்காக அந்த ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நான்காவது இந்திய டிவிஷன் கடுமையான இழப்பைச் சந்தித்திருந்தது. அதே பிப்ரவரி 24 அன்று மிக்னானோ என்ற இடத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் சுபேதார் சுப்ரமணியன், உடன் வந்தவர் மிதித்த கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து உடனிருந்தவர்களைக் காத்து உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். இந்தச் செய்திகள் எதுவும் சென்னிமலைக்கு வந்த கடிதத்தில் இல்லை.

என்ன இருக்கிறது? பிள்ளையார் சுழி. 'முருகன் துணை'. 'இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்.' அப்புறம் கேள்விகள். தோட்டத்துக் கிணற்றில் எத்தனை படி தண்ணீர் நிற்கிறது? கண்ணபுரத்தில் இந்த வருடம் காளை ஜோடி என்ன விலை போனது? நூல் கிடைக்கிறதா, தறி ஓடுகிறதா? இதையெல்லாம் கேட்டுவிட்டு, தன்னோடு இருக்கும் ஒரு பையனின் பெயரைச் சொல்லி, அவன் அம்மா அதே ஊரில்தான் இருக்கிறாள், ஒருநாள் நேரில் போய்ப் பார்த்து வா, கடிதம் எழுத வேண்டாம், நேரில் போ என்று எழுதுகிறார். காரணம் எழுதவில்லை. அடுத்த கடிதத்திலும், போய்ப் பார்த்தாயா என்று அதையே கேட்கிறார். மூன்றாவது கடிதத்தில் நன்றி சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். தன் கீழ் இருந்த ஒருவனுக்கு என்ன ஆனது என்பதை அரசாங்கத் தந்திக்கு முன்போ பின்போ ஒரு மனிதர் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அந்தப் பொறுப்பை யாரிடம் கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்த மூன்று கடிதங்களையும் சேர்த்து வைத்துப் படிக்காமல் தனித்தனியாகப் படித்தால் இது கண்ணில் படாது.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் அவர் கேட்ட கேள்விகள், வலப்பக்கம் அடுத்த கடிதத்தில் அவருக்குக் கிடைத்திருக்கும் பதிலின் தடயம். ஊரில் இருந்து போன கடிதங்கள் அநேகமாகக் கிடைக்காது; களத்தில் பையைத் தூக்கி நடப்பவர் கடிதக் கட்டையும் சுமக்க முடியாது. ஆனால் "நீ எழுதியபடி", "உன் பங்குனி மாதக் கடிதம் கிடைத்தது", "பெண்ணுக்குப் பார்த்த இடம் நல்ல இடம்" போன்ற வரிகளில் நண்பர் என்ன எழுதினார் என்பது தெரிந்துகொண்டே வரும். சில மாதங்களுக்கான நண்பரின் பக்கத்தைப் பெரும்பாலும் திரும்பக் கட்டிவிட முடியும்.

நண்பரின் கடிதம் நேராகவே கிடைப்பதும் உண்டு, துயரமான வழியில். 1942ல் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போட்ட தபால்கள், சேவை நிறுத்தப்பட்டது என்று ஆங்கிலத்தில் முத்திரை குத்தித் திரும்பி வந்தன. திறக்காமலே பெட்டியில் போட்டு வைத்த அத்தகைய உறை உங்கள் வீட்டில் இருந்தால், குடும்பத்தினர் எல்லோரும் இருக்கும்போது ஓரத்தைப் பேனாக்கத்தியால் மெல்லக் கீறித் திறங்கள். முத்திரை உள்ள பக்கம் வேண்டாம்.

மேல்நிலைத் தளபதிகளின் கடிதங்களிலும் இதே தன்மையைப் பார்க்கலாம். நேச நாடுகளின் படைகளுக்கு ஐரோப்பாவில் தலைமை தாங்கிய ஐசனோவர், கான்சாஸ் மாநிலத்து அபிலீன் என்ற சிற்றூரில் தன்னோடு வளர்ந்த ஹேஸ்லெட் என்ற நண்பருக்குப் போர்க்காலத்திலும், பின்பு அமெரிக்க அதிபராக இருந்தபோதும், 1958ல் அந்த நண்பர் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். ராணுவத்தில் சேர அவருக்கு முதலில் ஊக்கம் கொடுத்ததே அந்த நண்பர்தான். படைத்தலைவருக்குச் சுற்றிலும் ஆயிரம் பேர் இருந்தாலும், தன்னைப் பதவியை வைத்துப் பார்க்காத ஒருவரிடம் பேச வேண்டியிருக்கிறது. நம் சுபேதாருக்கும் அப்படியே.

காப்பது

லேமினேஷன் செய்யாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. சூடும் பசையும் சேர்ந்து தாளைக் கொல்லும். பிறகு யாராலும் மீட்க முடியாது. செல்லோடேப், குண்டூசி, ஸ்டேப்ளர், ரப்பர் பேண்ட் எதுவும் வேண்டாம். துருப்பிடித்த குண்டூசி ஏற்கெனவே குத்தியிருந்தால் இழுக்காமல், மெல்ல நெகிழ்த்தி எடுங்கள். மடிப்பை விரித்து நேராக வையுங்கள். மடிப்பில்தான் தாள் முதலில் கிழியும். காகிதத்துக்கு நடுவே அமிலம் இல்லாத தாள் வைப்பது சிறந்தது. கிடைக்காவிட்டால் காடாத்துணி நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிறது. இரண்டு மூன்று முறை அலசிக் கஞ்சியை முழுவதும் போக்கி, நன்றாக வெயிலில் காயவைத்துச் சுற்றுங்கள். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. வசம்புத் துண்டையோ காய்ந்த வேப்பிலையையோ ஒரு சிறு துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைக்கலாம். கடிதத்தின் மேல் படக் கூடாது. அட்டாலி வேண்டாம், சித்திரை வெயிலில் ஓட்டுக்கு அடியில் அடுப்புச் சூடு இருக்கும். தரையை ஒட்டியும் வேண்டாம், கரையான் வரும். அறைக்குள் வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியின் நடுத்தட்டு சரியான இடம்.

எழுதியவரைத் தேடுவது

போரில் இறந்தவராக இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயர், படை எண், இறந்த நாள், சில சமயம் தகப்பனார் பெயரும் ஊரும் கிடைக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலை நான்கைந்து விதமாக மாற்றிப் போட்டுத் தேடுங்கள். கவுண்டர், கவுண்டன் இரண்டையும் பாருங்கள். மாவட்டப் பெயரில் கவனம் வேண்டும். ஈரோடு 1979 வரைக்கும், திருப்பூர் 2009 வரைக்கும் தனி மாவட்டங்கள் அல்ல. பெருந்துறைக்காரரையும் தாராபுரத்துக்காரரையும் கோயம்புத்தூர் என்றே தேட வேண்டும். திருச்செங்கோட்டுக்காரர் சேலத்தில் இருப்பார். 1956 வரை கொள்ளேகாலமும் கோயம்புத்தூர் மாவட்டம்தான்.

உயிரோடு திரும்பியவரானால் கடித முகவரியில் உள்ள படைப்பிரிவைப் பாருங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் ஊட்டிக்குப் போகும் வழியில் வெலிங்டனில் இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸின் மையமும் அருங்காட்சியகமும் பெங்களூரில். படை எண்ணோடு எழுதிக் கேளுங்கள், எண் இல்லாமல் கேட்டால் தேடுவது கடினம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஓய்வூதியம் பெற்ற குடும்பம் பற்றிக் கேட்கலாம்.

வெளியிடுவதற்கு முன்

கடிதத் தாள் பெற்றவர் வீட்டுக்குச் சொந்தம். அதில் எழுதியிருப்பதை வெளியிடும் உரிமை எழுதியவரின் வாரிசுகளுக்கு. நண்பர்களின் கடிதத்தில் இவை இரண்டு வேறு குடும்பங்கள், சில ஊர்களில் இப்போது பேச்சுவார்த்தையே இல்லாத குடும்பங்கள். முதலில் நகல் எடுத்துக்கொண்டு எழுதியவரின் வீட்டுக்குப் போங்கள். கடன், பங்காளிச் சண்டை, கல்யாணம் தட்டிப்போனது, யாரோ ஒரு பெண்ணின் பெயர் என்று கடிதத்தில் எல்லாம் இருக்கும். மூன்றாமவரைப் புண்படுத்தும் பகுதியை வெளியிடும் நகலில் விட்டுவிடலாம். மூலத்தில் கை வைக்கக் கூடாது. அழிக்கச் சொல்லி யாராவது கேட்டால், உறையில் போட்டு ஒட்டி, இத்தனை ஆண்டு கழித்துத் திறக்கவும் என்று எழுதி வைக்கலாம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

படங்களை இரண்டு இடத்தில் சேமியுங்கள். கோப்பின் பெயரில் தேதியும் கட்டு எண்ணும் இருக்கட்டும்: 1944-04-கடிதம்-17 என்பதுபோல. அச்சிட்ட படி ஒன்றை எழுதியவரின் வீட்டிலும், ஒன்றைப் பெற்றவரின் வீட்டிலும் கொடுங்கள். மூலத்தைக் காக்க வீட்டில் வசதி இல்லை என்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையோ, மேலே சொன்ன படை மையங்களையோ கேட்கலாம். ஒப்படைக்கும்போது உறை, தாள், துண்டுச் சீட்டு, கட்டிய சணல் உள்பட எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்து, எண்ணிக்கை எழுதிய ரசீதைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.